துணிக் கொடித்தோரணம் தைத்தல்: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தநாளோ, பூப்புனித நீராட்டு விழாவோ, பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டியோ, எதுவானாலும் முற்றத்திலும் விறாந்தையிலும் வரிசையாகக் கொடிகள் ஆடினால்தான் சோடனை நிறைந்ததாகத் தோன்றுகிறது. அந்தக் கொடிகளைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே துணியில் தைக்க விரும்புவோர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்படுகின்றன. அளவுகள் அங்குலத்திலும் யாரிலும் உள்ளன. நமது தையற்காரர்கள் இன்னும் அந்தக் கணக்கிலேயே பேசுகிறார்கள். ஓர் அங்குலம் 2.54 சென்ரிமீற்றர், ஒரு யார் 36 அங்குலம்.

கடதாசிக் கொடி மலிவாகக் கிடைக்கும்போது துணியில் ஏன் தைக்க வேண்டும்?

ஒரே ஒரு நாளைக்கு மட்டும் தேவையென்றால் கடதாசியே போதும். அதற்காகத் துணியை வெட்டி மினக்கெட வேண்டியதில்லை. ஆனால் கடதாசி முதல் மழைத்தூறலிலேயே சாயம் விட்டுக் கரைந்துவிடும், பலமான காற்றில் ஓர் இரவும் தாங்காது. துணிக் கொடியைக் கழுவி, மடித்து, அடுத்த ஆண்டும் கட்டலாம். பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டில் ஆண்டுக்குப் பல தடவை அது வெளியே வரும், அயல்வீட்டாரும் இரவல் கேட்பார்கள்.

பளபளப்பான பிளாஸ்ரிக் கொடிகளைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. பொலித்தீனைச் சோடனைப் பொருளாகப் பயன்படுத்துவதை இலங்கையில் 2017 செப்டெம்பர் 1 ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல் தடைசெய்தது. அதன் பின்னரும் ஒழுங்கைகளில் அவை தொங்குவதைக் காண்கிறோம் என்பது வேறு விடயம்.

எந்தத் துணி நல்லது?

நடுத்தரத் தடிப்புள்ள பருத்தித் துணி எல்லாவற்றிலும் சிறந்தது. கடையில் பொப்ளின் என்று கேட்டால் கிடைக்கும் துணி, கையில் பிடிக்கும்போது சற்று விறைப்பாகவும் மினுக்கும்போது மடிப்பு நன்றாகப் படிவதாகவும் இருப்பதால், புதிதாகத் தைப்பவருக்கும் அடங்கி வரும். மிக மெல்லிய வொயில் துணி காற்றில் அழகாக ஆடும். ஆனால் கூர்முனை சரியாக அமையாது, பின்பக்கத் தையலும் வெளியே தெரியும். சற்றின் போன்ற வழுக்கும் துணிகளைப் பழக்கமில்லாதவர்கள் முதல் முயற்சியில் எடுக்காமல் இருப்பதே நல்லது. பொலியெஸ்ரர் கலந்த துணியின் நிறம் வெயிலில் பருத்தியைவிடத் தாமதமாகவே மங்கும். நாள்கணக்கில் வெளியே தொங்க வேண்டிய கொடிக்கு அது பயன்படும். மினுக்கும்போது சூட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

புதுத் துணி வாங்காமல் வீட்டில் உள்ளதை வைத்துத் தைக்கலாமா?

தைக்கலாம் என்பது மட்டுமல்ல, அதுவே சிறந்தது என்பேன். பழைய நூற்சேலை, பிள்ளைகள் வளர்ந்ததால் கட்டையாகிப்போன பாவாடை, வேட்டி, சாரம், தலையணை உறை ஆகிய எல்லாம் கொடியாகும். தையற்கடைகளில் சட்டை வெட்டி மிஞ்சும் துண்டுகளும் பெரும்பாலும் ஒரு சாண் அகலத்துக்குக் குறையாமல் இருக்கும். தெரிந்த தையற்காரராக இருந்தால் ஒரு பை நிறையவே தருவார்.

ஒரு நூற்சேலையின் கணக்கைச் சொன்னால் அதன் பெறுமதி விளங்கும். ஆறு யார் சேலையின் இரு கரைகளையும் நீளவாட்டில் வெட்டி எடுத்து, முந்தானையை ஒதுக்கி, மீதியை 9 அங்குலப் பட்டிகளாக வெட்டினால் ஏறத்தாழ இருபது பட்டிகள் வரும். ஒவ்வொரு பட்டியிலும் 8 அங்குல அகலமுள்ள முக்கோணங்கள் ஒன்பது அமையும். ஆக 180 முக்கோணங்கள், அதாவது இருபக்கமும் துணி வைத்த 90 கொடிகள். அவை 50 அடிக்கு மேல் போதும். வெட்டி எடுத்த கரைகள் இரண்டும் கொடிகளைக் கோத்துத் தைக்கும் நாடாவாகும். கரை நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதாலும் 18 அடிக்கு ஒட்டில்லாமல் ஓடுவதாலும் அதைவிட நல்ல நாடா கடையிலும் கிடைப்பது அரிது.

ஒரு எச்சரிக்கை: உடுத்துத் தேய்ந்த சேலையில் கால்பட்ட அடிப்பகுதியும் கொய்யகம் சொருகிய இடமும் இற்றுப்போயிருக்கும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, மெலிந்த இடங்களை விலக்கியே வெட்ட வேண்டும்.

தைக்குமுன் துணியைக் கழுவ வேண்டுமா?

புதுப் பருத்தித் துணியாக இருந்தால் கட்டாயம் கழுவ வேண்டும். கழுவாமல் தைத்தால் முதற் சலவையில் கொடி ஓர் அளவிலும் நாடா வேறோர் அளவிலும் சுருங்கி, முழுத் தோரணமும் சுருக்கம் விழுந்து நிற்கும். சிவப்பு, கடும் நீலம், மெரூன் ஆகிய நிறங்களைத் தனித்தனியே ஊறவைத்து, நீர் தெளியும்வரை அலச வேண்டும். உப்புநீரில் ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று வீடுகளில் சொல்வார்கள். கடையில் சாயமேற்றி வந்த துணிக்கு அதை நம்ப முடியாது. சாயம் விடும் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் தைக்காமல் விடுவதே உறுதியான வழி. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீரில் சவர்க்காரம் நுரைப்பதும் குறைவு, அது துணியில் படியவும் செய்யும் என்பதால் கடைசி அலசலுக்கு நீரைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கொடியின் அளவு என்ன?

வெட்டும்போது மேல் அகலம் 8 அங்குலம், உயரம் 9 அங்குலம் கொண்ட முக்கோணம் வீட்டு முற்றத்துக்கும் விறாந்தைக்கும் பொருத்தமானது. கால் அங்குலத் தையல் விட்டுத் தைத்து, மேல் விளிம்பில் அரை அங்குலம் நாடாவுக்குள் மறைந்தபின், கண்ணுக்குத் தெரியும் கொடி 7 அங்குல அகலமும் 8 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமுமாக இருக்கும். அகலத்தைவிட நீளம் கூடியிருப்பதே பார்வைக்கு நல்லது. இரண்டும் சமமானால் கொடி கட்டையாகத் தெரியும். அறைக்குள் தொங்கவிட 5 க்கு 6 போதும். மண்டபத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் 10 க்கு 12 வரை போகலாம்.

ஒரு யார் துணியில் எத்தனை கொடி வரும்?

45 அங்குல அகலத் துணியை 9 அங்குலப் பட்டிகளாக வெட்டினால் ஒரு யாரில் நான்கு பட்டிகள் கிடைக்கும். பட்டியில் ஒரு முக்கோணத்தை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் மாறிமாறி வரைந்தால் பட்டிக்குப் பத்து முக்கோணங்கள், மொத்தம் நாற்பது. இருபக்கக் கொடிக்கு இரண்டிரண்டாக எடுத்தால் இருபது கொடிகள். ஒரு மீற்றர் வாங்கினாலும் இதே கணக்குத்தான். மூன்று அங்குலம் மிஞ்சும். ஓரக்கரைகளை விட்டு வெட்டினால், 36 அங்குல அகலத் துணியில் பட்டிக்கு ஏழும், 58 அங்குலத் துணியில் பதின்மூன்றும் வரும்.

பூவோ யானையோ ஒரு திசையில் நிற்கும் அச்சுத் துணியில் இப்படி மாற்றி வெட்டினால் பாதி யானைகள் தலைகீழாக நிற்கும். அவ்வாறான துணியில் நேராக வருபவற்றை முன்பக்கத்துக்கும் தலைகீழாக வருபவற்றைச் சுவர்ப் பக்கத்துக்கும் ஒதுக்கலாம். அல்லது பின்பக்கத்துக்கு வெறும் நிறத் துணியை வைக்கலாம்.

10 அடிக்கு எத்தனை கொடி தேவை?

கொடிகளை ஒன்றோடொன்று தொடுமாறு வைத்தால் 16. நடுவே ஓர் அங்குலம் விட்டால் 14. நெருக்கமாக வைப்பது சோடனைக்கு நிறைவைத் தரும். இடைவெளி விடுவது துணியை மிச்சப்படுத்துவதோடு, காற்றில் கொடிகள் ஒன்றோடொன்று சுற்றிக்கொள்வதையும் குறைக்கும். வெளியே கட்டுவதானால் இடைவெளி விடுவதையே பரிந்துரைப்பேன்.

ஐம்பது அடியை ஒரே கோவையாகத் தைக்க ஆசைப்பட வேண்டாம். பத்தடிக் கோவைகளாகத் தைத்து, ஒவ்வொரு முனையிலும் இரண்டடி வெறும் நாடா விட்டால், தேவைக்கேற்ப ஒன்றோடொன்று முடிந்து நீட்டலாம். கழுவவும் மடிக்கவும் இரவல் கொடுக்கவும் இலகு. ஒரு கோவைக்கு நாடா 14 அடி என்று கணக்கிடுங்கள்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

முதலில் ஒரு மட்டையில் முக்கோண அச்சு ஒன்றை அடிமட்டம் வைத்துத் துல்லியமாக வெட்டுங்கள். கடையில் மாச் சாமான் வந்த பெட்டியின் மட்டையே போதும். மேல் விளிம்பின் நடுவைக் குறித்து, அதிலிருந்து நேர்கீழே 9 அங்குலத்தில் முனையை வைக்க வேண்டும். நடு தவறினால் கொடி ஒருபக்கம் சாய்ந்து தொங்கும். துணியில் தையற்சோக்கால் வரையுங்கள். குமிழ்முனைப் பேனையின் மை மினுக்கினாலும் கழுவினாலும் போகாது.

முக்கோணத்தின் சாய்ந்த பக்கங்கள் இரண்டும் துணியின் இழைக்குக் குறுக்காக வெட்டுப்படுபவை. அதனால் அவை இழுபடும். வெட்டிய துண்டுகளைத் தூக்கி உதறாமல், அடுக்கியே வைத்திருங்கள்.

மெசினில் தைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

இரண்டு முக்கோணங்களின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்து, இரு சாய்ந்த பக்கங்களையும் மட்டும் தைக்க வேண்டும்; மேல் விளிம்பு திறந்திருக்கும். மேலிருந்து முனையை நோக்கித் தையுங்கள். முனைக்கு ஓர் அங்குலம் இருக்கையில் தையலைச் சிறிதாக்கி, முனைக்கு வந்ததும் ஊசி துணிக்குள் இருக்க மெசினின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பி, முனைக்குக் குறுக்கே ஒரே ஒரு தையல் போட்டு, மீண்டும் திருப்பி மறுபக்கம் மேலே ஏறுங்கள். அந்த ஒரு குறுக்குத் தையலில்தான் முனையின் அழகு இருக்கிறது. அது இல்லாமல் நேராகக் கூராக்கித் தைத்தால், புரட்டும்போது துணி உள்ளே திரண்டு முனை மொட்டையாக நிற்கும்.

ஒரு கொடி முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்ததைப் பாதத்தின் கீழ் வையுங்கள். எல்லாக் கொடிகளின் ஒரு பக்கத்தையும் இப்படிச் சங்கிலியாகத் தைத்துவிட்டுப் பின்னர் அறுத்தெடுத்தால் நூலும் நேரமும் மிஞ்சும். இந்த முறையில் முனையில் திருப்ப முடியாது. ஆகவே ஒரு பக்கத்தை முனைவரை தைத்து, அடுத்த சுற்றில் முனையின் குறுக்குத் தையலிலிருந்து தொடங்கி மறுபக்கத்தைத் தைக்க வேண்டும்.

தைத்தபின் முனைக்கு வெளியே உள்ள துணியைத் தையலுக்கு அருகே, தையலை வெட்டிவிடாமல், கத்தரித்து அகற்றுங்கள். நல்ல பக்கத்துக்குப் புரட்டி, முனையை உள்ளிருந்து தள்ளிவிடுங்கள். இதற்குக் கத்தரிக்கோலின் கூரைப் பயன்படுத்தினால் துணி பொத்துவிடும். தடித்த ஈர்க்கின் அடிப்பக்கமோ எழுதி முடிந்த பேனையின் மொட்டை முனையோ நல்லது. பிறகு தையல் சரியாக விளிம்பில் வருமாறு விரலால் உருட்டி மினுக்குங்கள். மினுக்காமல் நாடாவில் ஏற்றிய கொடி எத்தனை திறமையாகத் தைத்திருந்தாலும் உப்பிக்கொண்டே தொங்கும். இந்த வேலையில் தைப்பதற்கும் மினுக்குவதற்கும் சம நேரம் போகும் என்று முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளலாம்.

நாடாவுக்கு எதைப் பயன்படுத்த வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு விடையைத்தான் வாசிப்பேன் என்பவர் இதை வாசிக்கட்டும். கொடி கிழிந்தால் ஒரு கொடிதான் போகும். நாடா இழுபட்டால் முழுக் கோவையும் போகும். பாரம், காற்றின் இழுவை, கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் படும் பாடு அனைத்தையும் தாங்குவது நாடாதான். ஆனாலும் கொடிகளுக்கு விலையுயர்ந்த துணியைத் தேடி அலைபவர்கள் நாடாவுக்குக் கையில் அகப்பட்டதை வைத்துத் தைப்பதையே பெரிதும் காண்கிறோம்.

தையற்சாமான் கடையில் கேட்டால் பெரும்பாலும் சாய்வாக வெட்டிய பட்டியைத்தான், தையற்காரர்கள் பயஸ் என்று சொல்வதை, தருவார்கள். கழுத்து, கை போன்ற வளைவுகளைச் சுற்றுவதற்காக அது சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது; வளைவில் மடங்குவதற்கு எந்த இழுபடும் தன்மை அதற்கு உதவுகிறதோ, அதே தன்மையால் நேரே தொங்கும் தோரணத்தில் நாளாக நாளாக நீண்டு தொய்ந்துவிடும். வீட்டுக்குள் ஒரு சிறிய கோவைக்கு அது போதும். வெளியே கட்டுவதற்குப் பின்வரும் மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

முதலாவது, பாவாடைக்குப் போடும் நெய்த பருத்தி நாடா. ஓர் அங்குல அகலத்தில் வாங்கி இரண்டாக மடித்து மினுக்கினால் வேலை முடிந்தது. இரண்டாவது, மேலே சொன்ன சேலைக் கரை. மூன்றாவது, துணியின் ஓரக்கரைக்குச் சமாந்தரமாக, அதாவது நீளவாட்டில், 2 அங்குல அகலத்தில் வெட்டிய பட்டி. நெசவில் நீளவாட்டு இழைகளே இறுக்கமாகப் பூட்டப்பட்டவை என்பதால் அந்தத் திசையில் துணி இழுபடுவது மிகக் குறைவு. ஒரு யார் துணியிலிருந்து இவ்வாறு இருபதுக்கு மேற்பட்ட பட்டிகள் கிடைக்கும். ஐந்தைப் பொருத்தினால் ஒரு 14 அடி நாடா. பொருத்தும்போது இரு பட்டிகளின் முனைகளையும் செங்கோணத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சாய்வாகத் தைக்க வேண்டும். நேராகப் பொருத்தினால் மடிக்கையில் எல்லாத் தடிப்பும் ஓரிடத்தில் சேர்ந்து மெசின் ஊசி முறியும். பட்டியின் இரு ஓரங்களையும் நடுவை நோக்கி மடித்து மினுக்கி, பின்னர் இரண்டாக மடித்து மீண்டும் மினுக்கினால் அரை அங்குல நாடா கிடைக்கும்.

கொடிகளை நாடாவில் எப்படிப் பொருத்துவது?

நாடாவின் நடுவைக் குறித்து, நடுக்கொடியிலிருந்து இரு பக்கமும் வெளிநோக்கிப் போக வேண்டும். ஒரு முனையிலிருந்து தொடங்கினால் மறுமுனையில் இடம் போதாமல் போகலாம், அல்லது அரைக்கொடி அளவு மிஞ்சலாம். கொடியின் திறந்த விளிம்பை நாடாவின் மடிப்புக்குள் அடிவரை செருகி, கொடிக்கு இரண்டு குண்டூசி வீதம் குத்துங்கள். நாடாவை மடிக்கும்போது கீழ்ப்பக்கம் மயிரிழை அளவு அகலமாக இருக்குமாறு விட்டால், மேலிருந்து தைக்கும்போது அடிப்பக்கம் தவறாமல் தையலுக்குள் அகப்படும்.

நாடாவின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை, கொடி இல்லாத இடங்களையும் சேர்த்து, திறந்த ஓரத்துக்கு அருகே ஒரே ஓட்டமாகத் தையுங்கள். கொடியின் ஓரங்களில் துணி எட்டு மடிப்புவரை சேரும். அந்த இடங்களில் கையால் சில்லைச் சுழற்றி மெதுவாகக் கடப்பது பாதுகாப்பானது. சாதாரண பருத்திக்குப் போடும் 14 ஆம் இலக்க ஊசி திணறினால் 16 ஆம் இலக்கத்துக்கு மாறுங்கள்.

பழைய மிதிமெசின் போதுமா?

தாராளமாகப் போதும். நேர்த்தையல் ஒன்றைத் தவிர இந்த வேலைக்கு எதுவும் வேண்டியதில்லை. 1990களில் மின்சாரமே இல்லாதிருந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தின் தையலை நடத்தியது அந்த மெசின்தான். எட்டு மடிப்புத் துணியை இன்றைய இலேசான மின்மெசின்களைவிட அது சிரமமின்றிக் கடக்கும். தோற்பட்டி தளர்ந்திருந்தால் அதை மட்டும் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மெசினே இல்லை. கையால் தைக்கலாமா?

தைக்கலாம், ஆனால் வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கொடியை ஒற்றைத் துணியில், பல்பல்லாக வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் விரைவில் நூல் பிரியாது, பக்கங்களைத் தைக்கவும் தேவையில்லை. நாடாவில் பொருத்துவதற்கு மட்டும் ஊசியை ஒவ்வொரு முறையும் சற்றுப் பின்னால் எடுத்துக் குத்தும் பின்தையல் போடுங்கள். சாதாரண ஓட்டுத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையாகக் கழன்றுகொண்டே போகும்.

நிறங்களைத் தெரிவு செய்வதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

அழகைப் பற்றிய கேள்வியானால் விடை சிறியது: மூன்று முதல் ஐந்து நிறங்கள், அவற்றுள் ஒன்று வெளிர்நிறம், வரிசை மாறாமல் திரும்பத்திரும்ப வர வேண்டும். சிறு பூப் போட்ட துணி பத்தடிக்கு அப்பாலிருந்து பார்க்கையில் மங்கலான ஒரே நிறமாகவே தெரியும். பெரிய புள்ளியும் அகலக் கோடும் தூரத்திலிருந்தும் தெரியும்.

ஆனால் ஒழுங்கையில் கட்டும் கொடிக்கு அழகுக்கு அப்பாலும் பொருள் உண்டு. முழுவதும் வெள்ளையான கொடிவரிசை மதிலோரம் தொங்கினால், வழியால் போகிறவர்கள் அது செத்தவீடு என்றே எண்ணித் துக்கம் விசாரிக்க வருவார்கள். கறுப்பும் அவ்வாறே. வெள்ளை விரும்புபவர்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், அல்லது இடையிடையே ரோஸ், இளம்பச்சை போன்ற நிறங்களைச் சேர்க்கலாம். சிவப்பும் மஞ்சளும் மட்டும் மாறிமாறி வந்தால் சிலருக்குக் கோவில் திருவிழாவும் சிலருக்குக் கார்த்திகை மாத நினைவேந்தலும் ஞாபகத்துக்கு வரும். பிறந்தநாளுக்கு மூன்றாவது நிறமொன்றைச் சேர்த்துவிடுவது பொருத்தம். தேர்தல் காலத்தில் ஒரே பச்சை, ஒரே நீலம், ஒரே சிவப்பு எனக் கட்டுவதும் வீணான கேள்விகளுக்கு இடமளிக்கும்.

இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குத் தைப்பவர்களுக்கு நிறம் ஏற்கனவே முடிவானது. அங்கே இல்ல நிறத்தோடு வெளிர்நிறத் துணி ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் இல்லச் சோடனை தூரத்திலிருந்தும் எடுப்பாகத் தெரியும்; ஆண்டுதோறும் அதே நிறம் என்பதால் ஒருமுறை தைத்த கோவைகளை இல்லப் பொறுப்பாசிரியரிடம் ஒப்படைத்து வைத்துப் பல வருடங்கள் பயன்படுத்தலாம்.

கொடிகளில் தமிழ் எழுத்துகளை வைப்பது எப்படி?

ஓர் எழுத்துக்கு ஒரு கொடி என்பதே முறை. கொம்பு, கால், புள்ளி ஆகிய எதையும் அதன் எழுத்திலிருந்து பிரித்து அடுத்த கொடிக்குக் கொண்டுபோகக்கூடாது. ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்பதில் பி, ற, ந், த, நா, ள் என ஆறும், வா, ழ், த், து, க, ள் என ஆறுமாகப் பன்னிரண்டு கொடிகள். சொற்களுக்கு நடுவே இரண்டு வெற்றுக்கொடி, முனைகளில் ஒவ்வொன்று எனச் சேர்த்தால் பத்தடிக் கோவைக்கான 16 சரியாக வரும். ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதுபவர்களுக்கு ஒரு கொடி கூடும். எந்த வடிவம் என்று வீட்டுப் பெரியவர்களோடு வெட்டுமுன்னரே தீர்த்துக்கொள்வது நல்லது.

முக்கோணக் கொடியில் நமது எழுத்துகள் இடத்துக்குத் திண்டாடும். நாடாவுக்குக் கீழே முக்கால் அங்குலம் விட்டு 3 அங்குல உயரத்தில் எழுத்தை வைத்தால், எழுத்தின் அடியில் கொடியின் அகலம் மூன்றரை அங்குலத்தை ஒட்டியே இருக்கும். க, ப, ட அடங்கும். நா, கொ, ணை போன்றவை விளிம்பைத் தாண்டும். எனவே எழுத்துக் கோவைக்கு 7 க்கு 8 அங்குல நீள்சதுரக் கொடியே ஏற்றது. தைப்பதும் இலகு, துணியும் வீணாகாது.

எழுத்துகளைத் துணியில் வெட்டி ஒட்டுவதானால், சட்டைக் கொலருக்குள் வைக்கும் ஒட்டுக் கன்வசை எழுத்துத் துணியின் பின்பக்கம் முதலில் சூட்டால் ஒட்டி, அதன்மேல் எழுத்தை இடம்வலம் மாற்றி வரைந்து வெட்டுங்கள். நூல் பிரியாது. பிறகு கொடியின் முன்பக்கத் துணியில், கொடியைத் தைத்து மூடுமுன், எழுத்தின் ஓரத்தைச் சுற்றித் தையுங்கள். ழ, ற, ஞ ஆகியவற்றின் சுழிகளைக் கத்தரிப்பது கைக்குப் பெருந்தொல்லை. அவற்றுக்காகத் துணிக்குப் பூசும் வர்ணத்தில் தூரிகையால் எழுதுவது குறைவான வேலை, சுழியும் ஒழுங்காக வரும்.

வெளியே கட்டும்போது எவ்வளவு இறுக்க வேண்டும்?

தொய்வு இருக்க வேண்டும். 20 அடி இடைவெளியில் ஓர் அடி தொய்வுக்கு மேலதிகமாக வேண்டிய நாடா இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. இரண்டடி தொய்வுக்கு ஆறரை அங்குலம். இந்தச் சிறு நீளத்தைக் கஞ்சப்பட்டு நேர்கோடாக இழுத்துக் கட்டினால் முனைகளில் வரும் இழுவை பலமடங்காகிறது, முதற் காற்றிலேயே முடிச்சோ நாடாவோ போய்விடும்.

மே முதல் செப்டெம்பர்வரை வீசும் சோளகக் காற்றில் வெளியே கட்டும் கோவைகளுக்கு, நாடாவின் மடிப்புக்குள் மெல்லிய நைலோன் கயிறொன்றை ஓடவிட்டுத் தைப்பதும், கட்டும்போது அந்தக் கயிற்றையே முடிச்சிடுவதும் பயன்தரும். வாடைக்காற்றும் மழையும் சேரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொடியை விறாந்தைக்குள்ளோ பந்தலுக்குள்ளோ கட்டுவதே மேல். ஈரத்துணி கனத்துத் தொங்கி நாடாவை இழுக்கும்.

எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது?

வேம்பு, மா, பூவரசு, இரும்புத் தூண், பந்தற்கால் ஆகியவற்றில் கட்டலாம். முருங்கை முறியும். மின்கம்பத்திலும் மின்கம்பிக்கு அருகிலும் ஒருபோதும் கட்டக்கூடாது. ஒழுங்கைக்குக் குறுக்கே கட்டினால் தொய்வின் அடிப்புள்ளியும் பாரவூர்தியின் தலைக்கு மேலே நிற்க வேண்டும். உயரம் போதாவிட்டால் இருபக்க மதிலோரமாகவே ஓடவிடுங்கள். உள்ளே, மின்விசிறி சுழலும் வட்டத்துக்கும் குத்துவிளக்குக்கும் கேக்கில் ஏற்றும் மெழுகுதிரிக்கும் எட்டாத தூரம் வேண்டும். பருத்தி பற்றி எரியும், பொலியெஸ்ரர் உருகிச் சொட்டும்; சொட்டுவது தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது இன்னும் ஆபத்தானது.

மாவிலைத் தோரணம் கட்டும் இடத்தில் துணிக் கொடியும் கட்டலாமா?

கட்டலாம். வாசல் நிலையில் மாவிலையும் குருத்தோலையும் அவற்றுக்குரிய இடத்தில் இருக்கட்டும். துணிக்கொடி அதற்குப் பதிலாகாது. முற்றத்துக்கும் பந்தலின் ஓரத்துக்கும் துணிக்கொடி என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று மறைக்கமாட்டா.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்பலாமா?

துணிக்கொடி நசுங்காது, உடையாது, பாரமும் குறைவு. கனடாவுக்கோ லண்டனுக்கோ போகிறவரின் பயணப்பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே அடங்கிவிடும். அங்கு குளிர்காலத்தில் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் கட்டுவார்கள் என்பதால் 5 க்கு 6 அளவில் தைத்து அனுப்புங்கள்.

எப்படிக் கழுவி, எப்படி எடுத்து வைப்பது?

கோவையை நாலாக மடித்து, நாடாவின் பக்கத்தை ஒரு துணிக்கயிற்றால் தளர்வாகக் கட்டிவிட்டு, கையால் கும்மிக் கழுவுங்கள். அவிழ்த்துவிட்டால் வாளிக்குள் சிக்காகும். நிழலில் உலர்த்துங்கள். முற்றாக உலர்ந்தபின், ஒரு மட்டையில் சுற்றி, பழைய தலையணை உறைக்குள் காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள். பொலித்தீன் பைக்குள் சிறிது ஈரம் இருந்தாலும் மாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தியில் விழுந்த அந்தக் கறுப்புப் புள்ளி போகாது. பெட்டியை நிலத்தில் வைக்காமல் அலுமாரித் தட்டில் வைத்தால் கறையானுக்கும் தப்பும்.

ஒரு கொடி மட்டும் கிழிந்தால் என்ன செய்வது?

அந்தக் கொடிக்கு நேரே உள்ள தையலையும், இருபக்கமும் ஓர் அங்குலத்தையும் மட்டும் பிரித்துக் கொடியை உருவி எடுங்கள். அதே மட்டை அச்சில் புதிய கொடி தைத்துச் செருகி, பழைய தையலின் மேலே இரு முனைகளிலும் ஓர் அங்குலம் ஏறித் தைத்து மூடுங்கள். இதற்காகவே முதலில் வெட்டும்போது ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு முக்கோணங்களைக் கூடுதலாக வெட்டி, மட்டை அச்சோடு சேர்த்துத் தலையணை உறைக்குள் போட்டுவைக்க வேண்டும். கோவையைக் கழுவும் நாட்களில் அந்த உதிரித் துண்டுகளையும் சேர்த்துக் கழுவுங்கள். மாற்றும் கொடி மற்றவற்றைவிடப் புதிதாகப் பளிச்சென்று தெரியாமல் இருக்க அது சிறிதாவது உதவும்.